காணாமல் போனது யார் என்பது குறித்து மச்சானுக்கு எழுத்துமூலமான விளக்கம்

பட்டாபிராம்,
செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்பிற்குரிய மச்சான் செங்கல்வராயன் அவர்களின் சமூகத்திற்குத் தங்கை வீட்டுக்காரன் நடேசன் பணிவன்புடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும், தங்கள் தங்கை சாவித்திரியும், தங்கள் மருமகள் ஸ்வாதியும் நலம். அங்கு காட்டுப்பாக்கத்தில் தாங்களும் அக்காவும் நலமாக இருக்கவும், தங்கள் முழங்கால் வலி தங்களை விட்டுவிட்டு வேறு யாரையாவது பார்த்துப் போய்ச் சேரவும் அம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்த நாற்பது வினாடி வீடியோவைப் பார்த்துவிட்டுத் தாங்கள் எனக்குப் போன் செய்தீர்கள். நான் "மச்சான், அது வந்து" என்று ஆரம்பிப்பதற்குள், "எதுவா இருந்தாலும் எழுத்துல குடு மாப்ள" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். தாலுகா ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் உத்தியோகம் பார்த்தவர் நீங்கள். எழுத்தில் கேட்டால் எழுத்தில்தான் கொடுக்க வேண்டும். எனவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அந்த வீடியோவில், காணாமல் போன குழந்தைகளுக்கான கூடாரத்தில், சின்னப் பிள்ளைகள் உட்காரும் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில், பக்கத்தில் ஒரு குழந்தை அழ, கையில் பஞ்சு மிட்டாயோடு உட்கார்ந்திருப்பவன் நான்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது நாற்பது வினாடி. அன்றைக்கு நான் வெளியே இருந்தது எட்டு மணி நேரம். மீதியையும் தாங்கள் கேட்க வேண்டும்.

பொங்கலுக்கு நாங்கள் தங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, ஸ்வாதி தன்னோடு படிக்கிற பிள்ளைகளோடு தீவுத்திடல் பொருட்காட்சிக்குப் போக வேண்டும் என்று கேட்டாள். தாங்கள் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "காலேஜுக்குப் போறது படிக்கிறதுக்கு. ஊரு சுத்தறதுக்கு இல்ல. போயே ஆவணும்னா பெரியவங்க ஒருத்தர் கூடப் போவட்டும். இல்லன்னா அடுத்த வருஷம் காலேஜே வேணாம்" என்றீர்கள். ஸ்வாதி அன்றைக்குப் பாயசம் சாப்பிடவில்லை. தாங்கள் கவனித்தீர்களோ என்னவோ. நம் குடும்பத்தில் காலேஜ் வாசல் மிதித்த முதல் பெண் அவள். அது நின்றுவிடக் கூடாது என்றுதான், பெரியவங்க ஒருத்தர் நானே ஆகிறேன் என்று கிளம்பினேன். ஸ்வாதி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அப்புறம் அவள் தோழி சிம்ரன், அம்பத்தூர்க்காரி, கொஞ்சம் வாய் ஜாஸ்தி, "வரட்டும் வுடுடி. பையெல்லாம் அங்கிள்கிட்ட குடுத்துட்டு நாம ஃப்ரீயா சுத்தலாம்" என்று சொன்ன பிறகுதான் வீட்டில் பேச்சு வார்த்தை திரும்பியது.

மொத்தம் எட்டுப் பேர். ஐந்து பெண்கள், மூன்று பையன்கள். அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில் சூப்பர்வைசராக நான் ஒரு ஷிப்டுக்கு முப்பது பேரை வைத்து வேலை வாங்குகிறவன், எட்டுப் பேர் எனக்கு ஒரு பொருட்டா என்றுதான் நினைத்தேன். ஒரு சின்ன நோட்டில் எட்டுப் பேரின் பெயரையும், யார் எந்த ஸ்டேஷனில் ஏறுவார்கள் என்பதையும் எழுதிக்கொண்டேன். கழுத்தில் ஒரு விசிலும் மாட்டிக்கொண்டேன். ஸ்வாதி அதைப் பார்த்துவிட்டு, "ப்பா, அத மட்டும் சட்டைக்குள்ள போட்டுக்கயேன்" என்று கெஞ்சினாள். போட்டுக்கொண்டேன். மதியம் ஒரு மணி ரயில். நானும் ஸ்வாதியும் இங்கே ஏறினோம். ஒவ்வொரு ஸ்டேஷன் வந்ததும் நான் வாசலில் நின்று நோட்டைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அம்பத்தூரில் "விஜய்" என்று கூப்பிட்டேன். மூன்று பேர் ஏறினார்கள், அதில் ஒருவருக்கு என் வயது இருக்கும். அவர் வில்லிவாக்கம் வரை என் பக்கத்திலேயே உட்கார்ந்து, எதற்குக் கூப்பிட்டேன் என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

இங்கே நான் விஷால் என்ற பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பூந்தமல்லிப் பையன், பஸ்ஸில் ஆவடி வந்து எங்கள் ரயிலில் ஏறினான். ஏறும்போதே எனக்கு அவன்மேல் ஒரு கண். ஏனென்றால் அவன் போட்டிருந்த சட்டை மஞ்சள். சாதாரண மஞ்சள் இல்லை மச்சான், ரோடு போடுகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் கோட்டின் மஞ்சள். ஏறினவன் நேராக வந்து எனக்கு வணக்கம் சொன்னான். இந்தக் காலத்தில் ஒரு பையன் பெண்ணின் அப்பாவைத் தேடி வந்து வணக்கம் சொன்னால் என்ன அர்த்தம். பொருட்காட்சிக்குள் போனதும் பஜ்ஜிக் கடையில் எல்லோரும் மிளகாய் பஜ்ஜி வாங்கினார்கள். அவன் கையில் இருந்த இரண்டில் பெரியதை ஸ்வாதிக்குக் கொடுத்துவிட்டுச் சின்னதைத் தான் தின்றான். நான் பார்த்தேன். கோளாறு எந்த மிஷினில் வரும் என்று தெரிந்துவிட்டால் அந்த மிஷின் பக்கத்திலேயே நிற்க வேண்டும், மற்றதெல்லாம் தானாக ஓடும். இது என் இருபத்தெட்டு வருட அனுபவம். எனவே அந்த நிமிஷத்திலிருந்து மற்ற ஏழு பேரை விட்டுவிட்டேன். மஞ்சள் சட்டையை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

இதற்கு நடுவில் ஒரு விஷயம். ராட்டினத்துக்கு எதிரே சிம்ரன் என்னை நிற்க வைத்து, "அங்கிள், உங்க போனக் குடுங்க, ஒரு போட்டோ எடுத்துத் தரேன்" என்று வாங்கினாள். போட்டோ எடுத்தாள். போனைத் திருப்பிக் கொடுப்பதற்குள் டெல்லி அப்பளம் விற்கிறவர் வந்துவிட்டார், கூட்டம் எங்களை ஒரு பக்கமாகத் தள்ளியது, எனக்கும் மறந்துவிட்டது. கூட்டம் விலகினபோது மஞ்சள் சட்டை எனக்குப் பத்தடி முன்னால் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் நீளச் சடையோடு ஒரு பெண். பின்னாலிருந்து பார்த்தால் ஸ்வாதியேதான். இரண்டு பேரும் நேராகப் பேய் வீட்டுக்குப் போய் டிக்கெட் எடுத்தார்கள். நானும் எடுத்தேன்.

உள்ளே கும்மிருட்டு மச்சான். எங்கேயோ ஒரு பூனை அழுகிற மாதிரி சத்தம், காலடியில் ஏதோ ஜில்லென்று காற்று. ஒரு மூலையில் சிவப்பு விளக்கு மின்னி மின்னி எரிய, அந்த வெளிச்சத்தில் அந்தப் பெண் பயந்துபோய் மஞ்சள் சட்டையின் கையை இறுக்கிப் பிடித்ததைப் பார்த்தேன். பின்னாலிருந்து எட்டி அவன் தோளில் கையைப் போட்டு, "கையை எட்றா" என்றேன். அவன் அலறின அலறலில் அங்கே வேஷம் போட்டுக்கொண்டிருந்த பேயே பின்வாங்கிவிட்டது. அந்தப் பெண் கைப்பையால் என் தலையில் இரண்டு போடு போட்டது. கடைசியில் எலும்புக்கூடு வேஷத்தில் இருந்தவர் முகமூடியைக் கழற்றிவிட்டு ஓடி வந்து எங்களை விலக்கினார். "சார், பயமுறுத்தறது எங்க வேல சார். நாங்க சம்பளத்துக்குச் செய்யறோம். நீங்க எதுக்கு சார் நடுவுல" என்று வருத்தமாகக் கேட்டார்.

லைட்டைப் போட்டார்கள். அவன் விஷால் இல்லை. அவள் ஸ்வாதியும் இல்லை. அயனம்பாக்கத்தில் இருந்து வந்தவர்கள். கல்யாணமாகி மூன்றாவது வாரம். அந்தப் பையன், "சார், இவ என் பொண்டாட்டி சார்" என்றான், ஏதோ என்னிடம் அனுமதி கேட்கிற மாதிரி. அந்தப் பெண்தான் கோபமாக, "என்னப் பெத்தவரே இவரு கையப் புடிச்சிக்கோன்னு சொல்லித்தான் அனுப்பி வச்சாரு. நீங்க யாரு எடுன்னு சொல்றதுக்கு?" என்றது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, "நல்லா இருங்கம்மா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். தலையில் இன்னும் ஒரு வீக்கம் இருக்கிறது; அதை வீடியோவில் பார்க்க முடியாது, தலை வாரியிருந்தேன்.

வெளியே வந்து பார்த்தால் ஒருவரும் இல்லை. ஒருவரும் என்றால் நம்முடைய எட்டுப் பேர். மற்றபடி மெட்ராசில் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள். விசிலை வெளியே எடுத்து ஊதினேன். அங்கே விசில் விற்கிறவர்களே இருபது பேர், அவர்களிடம் வாங்கி ஊதுகிற பிள்ளைகள் இருநூறு பேர். எனக்கு ஒரு விசில்காரர், "அண்ணாத்தே, நம்ம சரக்கு இன்னும் நல்லா சத்தம் வரும்" என்று ஒன்றைக் காட்டினார். போன் செய்யலாம் என்றால் போன் சிம்ரனிடம். பக்கத்தில் ஒருவரிடம் போன் கேட்டு வாங்கினேன். வாங்கின பிறகுதான் தெரிந்தது, எனக்கு ஒருவர் நம்பரும் தெரியாது. என் போனில் ஸ்வாதி 'பாப்பா', அவ்வளவுதான். மனப்பாடமாகத் தெரிந்தது கம்பெனி நம்பர் ஒன்று. அதற்கு அடித்தேன். ஞாயிற்றுக்கிழமை, வாட்ச்மேன் எடுத்து, "சூப்பர்வைசர் சார் நாளைக்குத்தான் வருவாரு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

முக்கால் மணி நேரம் சுற்றினேன். மச்சான், இதைத் தங்களிடம் மறைக்க வேண்டியதில்லை. அந்த முக்கால் மணி நேரம் நான் சிரிக்கிற நிலையில் இல்லை. மேலே ராட்டினம் சுற்றுகிறது, பாட்டு அலறுகிறது, எதிரே வருகிற ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் பார்க்கிறேன், ஒன்றும் என் பெண் இல்லை. பொழுது சாய்ந்து லைட்டெல்லாம் போட்டுவிட்டார்கள். ஐந்து பெண்பிள்ளைகளின் வீட்டுக்கும் நான் என்ன பதில் சொல்வேன், தங்களுக்கு என்ன சொல்வேன், சாவித்திரி வாசலில் நின்று "எங்கய்யா அவ" என்று கேட்டால் என்ன சொல்வேன் என்று நினைத்துக்கொண்டே அதே கடை வரிசையை மறுபடி மறுபடி சுற்றினேன். அப்போதுதான் ஒலிபெருக்கியில், காணாமல் போன ஒரு குழந்தையைப் பற்றி அறிவித்தார்கள். சத்தம் வந்த திசையைக் கேட்டுக் கேட்டு அந்தக் கூடாரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

ஒரு பெண் போலீஸ் இருந்தார், தலைமைக் காவலர், நம்ம அக்கா மாதிரி நல்ல முகம். நான் மூச்சு வாங்க, "மேடம், எட்டுப் பேரக் காணோம்" என்றேன். அவர் பேனாவை எடுத்துக்கொண்டு, "எத்தினி வயசு?" என்றார்.

"எல்லாருக்கும் பத்தொம்பது, இருபது."

பேனாவைக் கீழே வைத்தார். "எட்டு பேரும் ஒண்ணா கீறாங்களா, தனித்தனியா பூட்டாங்களா?"

"ஒண்ணாத்தான் இருந்தாங்க மேடம்."

"அவங்ககிட்ட போன் கீதா?"

"எட்டு பேர்கிட்டயும் இருக்கு. என் போனும் அவங்ககிட்டதான் இருக்கு."

"உங்ககிட்ட?"

"இல்ல மேடம்."

அவர் பேனாவை மறுபடி எடுத்தார். பிறகு ரொம்ப மெதுவாக, நோயாளியிடம் சொல்கிற மாதிரி, "சார், அவங்க காணாமப் போகல. நீங்கதான் காணாமப் பூட்டீங்க. அப்படி ஒக்காருங்க" என்று அந்தச் சிவப்பு நாற்காலியைக் காட்டினார். வேறு நாற்காலி இல்லை. உட்கார்ந்தேன். ஒரு படிவம் எடுத்து என் பெயர், வயது, ஊர், சட்டை நிறம், அழைத்து வந்தவர் பெயர் எல்லாம் எழுதினார். அடையாளம் என்ற இடத்தில், கழுத்தில் விசில் என்று எழுதினார். பிறகு மைக்கில், "பட்டாபிராமிலிருந்து மகள் ஸ்வாதியுடன் வந்த நடேசன், வயது ஐம்பத்து மூன்று, நீல நிறச் சட்டை அணிந்தவர், பத்திரமாக நம்மிடம் இருக்கிறார். அவரை அழைத்துச் செல்ல ஸ்வாதி உடனடியாக வரவும்" என்று மூன்று தடவை சொன்னார். ஒவ்வொரு தடவையும் வெளியே நின்ற ஜனம் எட்டிப் பார்த்தது. என் பக்கத்தில் நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்று அழுதுகொண்டிருந்தது. நடுவில் அழுகையை நிறுத்திவிட்டு, "நீ யாரு கையை வுட்ட?" என்று என்னைக் கேட்டது. "எங்க பாப்பா கையை" என்றேன். அது கொஞ்சம் யோசித்துவிட்டு, தன் கையில் இருந்த பஞ்சு மிட்டாயை என்னிடம் கொடுத்துவிட்டு மறுபடி அழ ஆரம்பித்தது. பஞ்சு மிட்டாய் என்னுடையது இல்லை என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஓடி வந்தது மஞ்சள் சட்டை. உண்மையான மஞ்சள் சட்டை. சட்டை முழுக்க வேர்வை. என்னைப் பார்த்ததும் குனிந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். நான் காணாமல் போன பத்தாவது நிமிஷத்திலிருந்து இரண்டு மூன்று பேராகப் பிரிந்து தேடியிருக்கிறார்கள். இவன் மட்டும் நான்கு கேட்டுக்கும் தனியாகப் போய் அங்கே நிற்கிற செக்யூரிட்டிகளிடம் என் அடையாளம் சொல்லி, என்னை வெளியே விட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். "சார், உக்காந்தே இருங்க, எழுந்துக்காதீங்க" என்றான். பின்னாலேயே ஏழு பேரும் வந்தார்கள். சிம்ரன் என்னைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள், பஞ்சு மிட்டாயைப் பார்த்தாள், போனை எடுத்தாள். தாங்கள் பார்த்த வீடியோ அதுதான்.

ஸ்வாதி சிரிக்கவில்லை. கண் ரெண்டும் சிவந்து வீங்கியிருந்தது. என் எதிரே வந்து நின்று, "ஒரு எடத்துல நிக்கத் தெரியாதாப்பா உனக்கு? எங்கன்னு தேடறது? சொல்லிட்டுப் போவணும்னு தெரியாதா?" என்று கேட்டாள். மச்சான், இந்த மூன்று கேள்வியும் நான் அவளைப் பத்தொன்பது வருஷமாகக் கேட்டு வந்தவை. "மாமா இனிமே வெளிய வுட மாட்டாருன்னு அழுதியா?" என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "மாமாவ யாரு நெனச்சா. உன்னக் காணோம்னுதான் அழுதேன்" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. நான் பஞ்சு மிட்டாயைக் குழந்தையிடம் கொடுத்துவிட்டு எழுந்தேன். நாற்காலியும் என்னோடு எழுந்தது. விஷாலும் இன்னொரு பையனும் சேர்ந்து அதை இழுத்து எடுத்தார்கள்.

சும்மா விட்டுவிடவில்லை. பதிவேட்டில் ஸ்வாதி கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அவளுடைய காலேஜ் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, 'மேற்படி நபரை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்ற இடத்தில் கையெழுத்து வாங்கினார்கள். உறவு என்ற இடத்தில் மகள் என்று எழுதினாள். அந்தப் போலீஸ் அம்மா, "பாத்துக் கூட்டிக்கினு போம்மா. கூட்டத்துல வுட்றாத" என்று அவளிடம் சொன்னார்.

சென்ட்ரலுக்கு நடந்து வரும்போது ரோட்டைத் தாண்டுகிற இடத்தில் விஷால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். நான் உருவப் பார்த்தேன், விடவில்லை. "எதுக்குப்பா இந்தக் கலர்ல சட்டை?" என்று கேட்டேன். "எங்கம்மா எடுத்துக் குடுத்தது சார். கூட்டத்துல தொலஞ்சா ஈஸியா கண்டுபுடிக்கலாம்னு" என்றான். பஜ்ஜி விஷயத்தையும் கேட்டுவிட்டேன், மனசில் வைத்துக்கொள்வானேன் என்று. அவன் வெட்கப்பட்டுக்கொண்டு, பெரிய மிளகாய் காரம் ஜாஸ்தி இருக்கும் என்று பயந்துதான் ஸ்வாதியிடம் தள்ளிவிட்டதாகச் சொன்னான். ஸ்வாதி திரும்பி, "அடப்பாவி" என்றாள். இது காதலா இல்லையா என்று தாங்கள்தான் அனுபவஸ்தர், முடிவு செய்ய வேண்டும். எனக்குத் தெரிந்தவரை காதலில் யாரும் மிளகாயைத் தள்ளிவிட மாட்டார்கள்.

ரயிலில் சிம்ரன் என் போனைத் திருப்பிக் கொடுத்தாள். அதற்குள் வீடியோவையும் அதில் அனுப்பி வைத்திருந்தாள். அம்பத்தூரில் இறங்கும்போது, "சூப்பர் அங்கிள் நீங்க. உங்கள மாதிரி ஜாலியான ஆளு யாரும் வந்ததில்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் அந்த வீடியோவை அழிக்கத்தான் அழுத்தினேன் மச்சான். கண்ணாடி போடவில்லை. அது குடும்பக் குழுவுக்குப் போய்விட்டது. எனவே குற்றவாளி சிம்ரனும் இல்லை, ஸ்வாதியும் இல்லை.

இதையெல்லாம் யோசித்து நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன், தாங்கள் சந்தோஷப்படுவீர்கள். இனிமேல் நம் வீட்டிலிருந்து ஊர் சுற்றல் என்பது கிடையாது. காலேஜ், வீடு, காலேஜ், வீடு, அவ்வளவுதான். நானும் போக மாட்டேன், ஸ்வாதியும் போக மாட்டாள். நேற்றே அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் சரிப்பா என்று சொல்லிவிட்டாள். அவள் அவ்வளவு சுலபமாகச் சரி என்று சொன்னது எனக்கு ராத்திரி முழுக்க என்னவோ போல இருந்தது, ஆனாலும் முடிவு முடிவுதான். தாங்கள் அவள் படிப்பை மட்டும் நிறுத்தச் சொல்லாமல் இருக்க வேண்டும் என்று இருகரம் கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கத்தையும், பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தத்தையும் சேர்ப்பிக்கவும். எழுத்தில் குற்றம் குறை இருந்தால் திருத்தி வாசித்துக்கொள்ளவும். தாங்கள் நூறாண்டு காலம் எங்களைக் கேள்வி கேட்டுக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அன்பும் கொஞ்சம் பயமும் கொண்ட தங்கள் தங்கை கணவன்,
நடேசன்.

பின்குறிப்பு (வியாழக்கிழமை): கவர் வாங்க மறந்து, இந்தக் கடிதம் இரண்டு நாள் பிரிட்ஜ் மேலேயே கிடந்தது. சாவித்திரி எடுத்துப் படித்துவிட்டாள். சிரிப்பாள் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. கடைசிப் பக்கத்தை மட்டும் இரண்டு தடவை படித்தாள். "கண்ணாலம் ஆயி இருவத்திரெண்டு வருசம் ஆவுது. நான் சென்ட்ரல்ல எறங்கினதெல்லாம் ஆஸ்பத்திரிக்குத்தான். நீ காணாமப் போனதுக்கு நாங்க எதுக்குய்யா ஊட்டுல கெடக்கணும்?" என்றாள். பிறகு ஸ்வாதியைக் கூப்பிட்டு, சிம்ரனுக்குப் போன் போடச் சொன்னாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேரும் மெரினாவுக்குப் போகிறார்கள். பெரியவங்க ஒருத்தர் சாவித்திரி. என்னைச் சேர்த்துக்கொள்வது பற்றிப் பிள்ளைகளிடம் கேட்டாளாம்; வேண்டாம் என்று ஒருமனதாகச் சொல்லிவிட்டார்களாம், விஷால் உட்பட. எனவே மேலே கண்ட முடிவு ரத்து. "அண்ணன ஒரு வார்த்தை கேக்க வேணாமா?" என்று நான் கேட்டதற்கு, "கேக்காத. தெரியப்படுத்து, போதும்" என்றாள். தெரியப்படுத்திக்கொள்கிறேன். இதை எழுதும்போது உள்ளே சாவித்திரி, ஸ்வாதியின் சுடிதார் ஒன்றைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். முதுகுப் பக்கம் ஜிப் பாதியில் நின்றுவிட்டதாம், கூப்பிடுகிறாள். நான் போக வேண்டும்.